நான் அனுப்பாத மரண அறிவித்தல்

பத்து வருடங்களுக்கு மேலாக என் காலைக் கடமை மரண அறிவித்தல் வாசிப்பது. தேநீரை வைத்துக்கொண்டு கணினியின் முன் உட்காருவேன். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்கள் வருகிற இரண்டு இணையத்தளங்களைத் திறப்பேன். இறந்தவர்களில் ரொறன்ரோவில் எங்கள் பகுதியான டோர்செட் பார்க்கிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள் யார், உடல் எந்தப் பியூனரல் ஹோமில், எத்தனை மணிக்குப் பார்வைக்கு வைக்கிறார்கள், யாருடைய தாய், யாருடைய மாமன் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் நாலு வரியாக எழுதி ஒருவருக்கு அனுப்புவேன். அவர் அயர்லாந்தில் பிறந்த ஒரு பெண். அப்போது எங்கள் வட்டாரத்தின் கவுன்சிலர். இன்றைக்குப் பாராளுமன்ற உறுப்பினர்.

இத்தனை வருடத்தில் ஒரேயொரு அறிவித்தலை அனுப்பாமல் விட்டேன். மறந்துபோனேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த மனிதர் வேறில்லை. இலங்கையில் நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக அலுவலராக இருந்தவன். அரசியல்வாதிகளை அங்கே போதுமான அளவு பார்த்திருக்கிறேன். அவர்கள் வரும்போது எழுந்து நிற்போம், போனபிறகு உட்காருவோம். ஒரு சாதாரண ஆள் எப்படி அரசியல்வாதியாக மாறுகிறார் என்பதை அருகில் இருந்து பார்த்ததில்லை. இங்கே, எங்கள் பதினாறு மாடிக் கட்டடத்தில், அது என் கண் முன்னால் நடந்தது.

அவர் அப்போது நாலாம் மாடியில் குடியிருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டினார். ஒரு மாரியில் கட்டடத்தின் இரண்டு லிஃப்டும் பழுதாகி மூன்று வாரம் நின்றன. பன்னிரண்டாம் மாடியில் இருந்த நானும் மனைவியும் அரிசி மூட்டையைத் தவணை முறையில் மேலே கொண்டுபோனோம். அந்த வாரங்களில்தான் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. வெளியே மூன்று பேர். முன்னால் ஒரு தமிழ்ப் பெண், பக்கத்தில் சிவந்த கன்னங்களோடு இந்த அயர்லாந்துப் பெண், பின்னால் காகிதக் கட்டோடு தமிழ்ப் பெண்ணின் கணவர்.

தமிழ்ப் பெண் ஒன்பதாம் மாடி. மட்டக்களப்புப் பக்கத்தவர். கட்டடத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் நானும் அக்கா என்றே சொல்லிப் பழகினேன். அவருடைய கணவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவரை அண்ணை என்பேன். அவர்கள் இருவரும் என்னை, உத்தியோகம் பார்த்தவன் என்று, சேர் என்பார்கள்.

"சேர், லிஃப்டுக்கு மனு. ஒரு கையெழுத்து வேணும்" என்றார் அக்கா.

நான் மனுவை வாசித்தேன். பேனையை எடுத்து மூன்று இடத்தில் ஆங்கிலத்தைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன்.

"கையெழுத்துக் கேட்டா மார்க்ஸ் போடுறார்" என்று அக்கா தன் கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். அயர்லாந்துப் பெண் என்னவென்று கேட்க, அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் ஓசையோடு சிரித்தார். மனுவை எழுதியவர் அவர்தானாம்.

நான் வெட்கத்தை மறைக்க, "உள்ளுக்க வாங்கோவன், தேத்தண்ணி குடிக்கலாம்" என்றேன்.

"இன்னும் நாலு மாடி கிடக்கு சேர். நீங்க ஒருநாள் எங்கட வீட்ட வாங்க. பயப்பிடாம வாங்க, பாயோட ஒட்ட வைக்க மாட்டம்."

மட்டக்களப்புக்குப் போகிறவனை மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், அவன் திரும்பி வரமாட்டான் என்பது எங்கள் யாழ்ப்பாணத்தவர் சொல்லிச் சிரிக்கிற பழைய பகிடி. அதை நான் நினைப்பதற்கு முன்னரே அவர் எடுத்துச் சொல்லிவிட்டார். உண்மையில் நான் அப்போது நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

லிஃப்ட் ஓடத் தொடங்கியபோது அக்கா அந்தப் பெண்ணிடம், "நீ எலக்ஷன் கேள்" என்று சொன்னாராம். சும்மா சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். அக்கா சும்மா சொல்லவில்லை. அந்தப் பெண் தேர்தலில் நின்று முதல் தடவை தோற்றார். நாலு வருடம் கழித்து இரண்டாம் தடவை வென்றார். இரண்டு தடவையும் அவரோடு கதவு கதவாக நடந்தவர் அக்கா. அண்ணை காகிதக் கட்டோடு பின்னால் போனார். நான் இரண்டாம் தேர்தலில்தான் சேர்ந்தேன். முதியோர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கித் தருவதற்கு.

வென்றதும் புதிய கவுன்சிலர் செய்த முதல் காரியம் எனக்கு விநோதமாக இருந்தது. பிளாசாவில் இருந்த கொத்துரொட்டிக் கடையின் பின்மேசை ஒன்றைச் சனிக்கிழமைகளில் தனக்கென்று பேசிக்கொண்டார். காலை பத்து முதல் ஒரு மணி வரை அங்கே இருப்பார், யாரும் வரலாம். அதை அவர் கிளினிக் என்றார். அயர்லாந்தில் அரசியல்வாதிகள் மக்களைச் சந்திப்பதற்கு அப்படித்தான் பெயராம். முதல் சனிக்கிழமை எங்கள் சங்கத்து முதியவர்கள் நாலு பேர் இரத்த அழுத்தப் புத்தகத்தோடு வந்துவிட்டார்கள். அவர் அதையும் ஒழுங்காகப் பார்த்து, "கொஞ்சம் கூடத்தான், டொக்டரிடம் போங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அதே ஆட்கள் பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை என்று வந்தார்கள். இரண்டு மாதத்தில் கூரை வந்தது.

அவருடைய அப்பாவும் கவுன்சிலர். அயர்லாந்தின் மேற்குக் கரையோர மாவட்டம் ஒன்றில் இருபத்தைந்து வருடம். பாராளுமன்றத்துக்கு இரண்டு தடவை கேட்டுத் தோற்றவர். அங்கே வாக்காளர் வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். எண்ணி முடிய நாட்கணக்காகும். முதல் சுற்றில் முன்னால் நின்ற அப்பா ஆறாவது சுற்றில் கீழே போனதை அவர் ஒரு துடுப்பாட்டக் கதை போலச் சொல்வார். எங்கள் ஊரின் விருப்பு வாக்கை நான் விளக்கினேன். மூன்று மணி நேரம் பேசினோம். இங்கே ஒரு புள்ளடியோடு எல்லாம் முடிந்துவிடுவது அவருக்கு ருசியில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது.

செத்த வீட்டுக்குப் போவதும் அப்பாவிடம் படித்ததுதான். அவருடைய மாவட்டத்தில் உள்ளூர் வானொலி தினமும் மரண அறிவித்தல் வாசிக்குமாம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அப்பா குறித்துக்கொள்வார், பின்னேரம் போய்விடுவார். யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைக்காமல் போவதுதான் மரியாதை.

"உங்கள் ஆட்களுக்கு வானொலி எது?" என்று என்னைக் கேட்டார்.

நான் இணையத்தளத்தைத் திறந்து காட்டினேன். ஒரு அறிவித்தலை வரி வரியாக மொழிபெயர்த்தேன். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் மைத்துனியும்... அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரி, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்பது. அதைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அப்படியானால் இதுதான் அழைப்பு. தனியாக யாரும் சொல்லமாட்டார்கள்?"

"சொல்லமாட்டார்கள். நெருங்கினவர் என்றால் தானாக வரவேண்டும்."

"எங்களைப் போலத்தான்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது என் பட்டியல்.

மற்ற அரசியல்வாதிகளும் எங்கள் செத்த வீடுகளுக்கு வருவார்கள். படம் பிடிக்க ஒருவரோடு வருவார்கள். இவர் தனியாக வந்தார். முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தவர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, உங்கள் துயரத்துக்காக வருந்துகிறேன் என்று ஒரே வசனத்தைச் சொல்வார். பிறகு பெட்டியண்டை போய் இறந்தவரின் கையைத் தொடுவார். முதலில் எங்கள் ஆட்கள் திடுக்கிட்டார்கள். பிறகு பின்வரிசையில் கால் மணி நேரம் சும்மா இருப்பார். ஒருதடவை ஒரு சைவக் குடும்பத்துக்கு, தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்ததாக ஒரு கத்தோலிக்க அட்டையைக் கொடுத்துவிட்டார். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பழகிய கை. அந்தச் சைவ வீட்டில் அந்த அட்டை இன்னும் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இது வாக்குக்காகவா, மனதாலா என்று நான் நெடுநாள் ஆராய்ந்தேன். கடைசியில் ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "என் அப்பாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்" என்றார்.

மூன்றாவது தவணை முடியும்போது மாகாண அரசு ரொறன்ரோவின் வட்டாரங்களைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. எங்கள் வட்டாரம் பக்கத்து வட்டாரத்தோடு சேர்ந்து காணாமல் போனது. அவர் ஒட்டாவாவுக்கு, கனடாவின் பாராளுமன்றத்துக்கு, கேட்பதென்று முடிவு செய்தார். அதற்கு முதலில் கட்சிக்குள் ஒரு போட்டி, நாமினேஷன். தொகுதியில் இருக்கும் கட்சி உறுப்பினர்கள் மண்டபத்துக்கு நேரில் வந்து வாக்களிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் மட்டும் முப்பதுக்கு மேல் உறுப்பினர்களை அக்காவும் அண்ணையும் சேர்த்திருந்தார்கள். வாக்களிப்புக்கு முன் ஒவ்வொரு வேட்பாளரையும் ஒருவர் மேடையில் அறிமுகம் செய்யவேண்டும். மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடம் எனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தேன். துண்டுப்பிரசுரம் என்னுடையது, பட்டியல் என்னுடையது, ஆங்கிலம் என்னுடையது. அவர் அக்காவைக் கேட்டார்.

"எனக்கு இங்கிலீசு வராது கண்டியா" என்று அக்கா சொன்னாராம். "தமிழில் பேசு, நான் தொடங்கினதே உன் வாயால்தான்" என்றாராம் கவுன்சிலர். இதை அக்காவே எனக்குச் சொன்னார், மகிழ்ச்சியோடு, பக்கத்தில் இருந்து எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டு. நான் எழுதிக் கொடுத்தேன். பிழை விடாமல், உயிர் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

எனக்குள் இருந்தது பொறாமை மட்டுமில்லை. அவர் மட்டக்களப்பு ஆள், எட்டாம் வகுப்போடு நின்றவர், நான் பட்டதாரி, யாழ்ப்பாணத்தவன் என்கிற நினைப்பும் இருந்தது. அதை வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. நினைத்தேன்.

பிறகு அக்கா நோயில் விழுந்தார், வருத்தம் முற்றியது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் மகன் வாங்கிய புது வீட்டுக்கு இருவரும் போனார்கள். கவுன்சிலர் ஒருதடவை போய்ப் பார்த்தார், பூக்கள் அனுப்பினார். அக்கா தேறிவருவதாக வீட்டார் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மேடைக்கு வர ஏலாது என்பதால் அறிமுகம் என்னிடம் வந்தது.

நாமினேஷனுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, தளத்தைத் திறந்தேன். முதல் அறிவித்தலில் அக்காவின் முகம். மகனின் கல்யாணத்தில் எடுத்த படம்.

ஞாயிறு பார்வைக்கு, அன்றே கிரியை, தகனம். விட்பிக்குப் பக்கத்து மண்டபம். என் பட்டியல் எங்கள் தொகுதிக்கு மட்டுமானது. விட்பி அதற்கு வெளியே. அந்தச் சாட்டு எனக்கு உடனே கிடைத்தது. கவுன்சிலருக்கு இது தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். நாமினேஷன் மேடையை அக்காவின் நினைவுக்கு ஆக்குவார். அறிமுகத்துக்கு அண்ணையைக் கூப்பிடுவார். அண்ணை அழுதபடி நாலு சொல் சொல்வார், மண்டபம் எழுந்து நிற்கும். என் மூன்று நிமிடம் போய்விடும். இதை இவ்வளவு தெளிவாக நினைத்துவிட்டு, மற்ற இரண்டு அறிவித்தல்களை மொழிபெயர்த்து அனுப்பினேன்.

அவருக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம். ஆனால் தெரியவரவில்லை. எல்லாரும் அவருக்கு முதலில் தெரியும் என்று எண்ணிக்கொண்டார்கள். அண்ணை போன் பண்ணிச் சொல்லவில்லை, எங்கள் வழக்கத்தில் சொல்லமாட்டார். எப்படியும் வருவார் என்று காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"கவுன்சிலர் வாறாவா சேர்?"

"நாமினேஷன் அலுவல் அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன்.

பெட்டியை மூடுகிற நேரம் வந்தது. அண்ணை ஐயரிடம் போய், "ஐயா, ஒரு பத்து நிமிசம் பொறுப்பமா?" என்றார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தகனத்துக்கு நேரம் குறித்திருந்தது. "அஞ்சு நிமிசம்" என்றார். அந்த ஐந்து நிமிடமும் அண்ணை கதவைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கைப்பேசி என் சட்டைப்பையில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மில்லிக்கனில் ஒரு விருந்து மண்டபத்தில் நாமினேஷன். என் மூன்று நிமிடத்தைப் பேசினேன். கைதட்டினார்கள். அக்காவின் செத்த வீட்டுக்குக் கவுன்சிலர் போகவில்லை என்ற கோபத்தில் எங்கள் கட்டடத்திலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. வாக்குச்சீட்டில் அயர்லாந்து மாதிரியே எண் போடச் சொல்லியிருந்தார்கள். முதல் சுற்றில் இரண்டாவதாக நின்ற கவுன்சிலர், இரண்டாம் சுற்றில் மயிரிழையில் வென்றார்.

வென்ற சந்தோசத்தில் எல்லாரும் கட்டிப்பிடிக்கும்போது, ஒரு அன்ரி அவருடைய கையைப் பிடித்து, "அக்கா இருந்திருந்தா இண்டைக்குத் துள்ளியிருப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். கவுன்சிலரின் முகம் மாறியதை நான் மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எப்போது?"

"போன ஞாயிறு தகனம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"விட்பி அறிவித்தல். நம் தொகுதி இல்லை. கவனிக்கவில்லை. பிறகுதான் எனக்கே தெரிந்தது."

என்னை ஒரு கணம் பார்த்தார். "நாளைக்கு நீங்களும் நானும் போகிறோம்" என்றார்.

மறுநாள் விட்பிக்கு அவர் காரை ஓட்டினார், நான் பக்கத்தில். அண்ணை கதவைத் திறந்தார். "வாங்க, இரிங்க" என்றார். கவுன்சிலர் அவருடைய கையைப் பிடித்து, எத்தனையோ வீடுகளில் சொன்ன அந்த ஒரு வசனத்தைச் சொன்னார். அண்ணை மெல்லக் கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதுமானது, இதற்குப் போதாது.

"சேர், இவவிட்டச் சொல்லுங்க. கடைசிக் கிழமையெல்லாம் அவ கேட்டுக்கொண்டிருந்தவ, வந்தவவா, வந்தவவா எண்டு. வருவா, வருவா எண்டு நான் சொல்லி வச்சன். செத்த பிறகெண்டாலும் வந்திருக்கலாம். நாமினேஷன் அலுவல் எண்டு நீங்கதான் சொன்ன நீங்க. அலுவல் பெரிசா, என்ட மனிசி பெரிசா எண்டு கேளுங்க."

நான் கவுன்சிலர் பக்கம் திரும்பினேன். "மனைவி கடைசி நாட்களில் உங்களை நினைத்ததாகச் சொல்கிறார். உங்களுக்கு வேலை இருந்திருக்கும் என்று விளங்குகிறது என்கிறார்" என்றேன்.

"இல்லை" என்றார் அவர். "வேலை ஒரு காரணம் இல்லை என்று சொல்லுங்கள். என்னிடம் ஒரு காரணமும் இல்லை. நான் வந்திருக்க வேண்டும். பிழை என்னுடையது."

இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

அண்ணை தலையாட்டினார். தேநீர் வந்தது, குடித்தோம். அவர் மன்னிக்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. திரும்பி வரும்போது கவுன்சிலர் நெடுஞ்சாலையில், "இனி விட்பியையும் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆண்டே பாராளுமன்றம் போனார். நான் அவரைத் தொலைக்காட்சியில் தேடுவேன். பின்வரிசையில், பேசுகிற யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். என்னதான் செய்கிறார் அங்கே என்று அறிய எனக்கு அடங்காத ஆவல். ஊருக்கு வரும்போது கேட்பேன். "கவுன்சிலில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு இரண்டு மாதத்தில் கூரை போட்டேன். அங்கே சட்டத்தில் ஒரு வரியை நகர்த்த இரண்டு வருடம் போகிறது. அதுவும் கட்சி சொன்னால்" என்றார். சனிக்கிழமைக் கிளினிக்கை விடவில்லை. பட்டியலையும் விடவில்லை. நானும் விடவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே இத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்ய முடிகிறது என்பது எனக்கே புதுமையாக இருந்தது.

கடந்த வசந்தத்தில் என் மனைவி இறந்தார். பார்வைக்கு வைத்த அன்று, முதல் வந்தவர்களில் ஒருவர் அண்ணை. எண்பது தாண்டியவர். விட்பியிலிருந்து ரயிலும் இரண்டு பஸ்ஸும் ஏறி வந்திருந்தார். நான் அவருக்கு அறிவிக்கவில்லை. "தனிச்சுப் போனீங்க சேர்" என்று என் தோளில் கை வைத்தார். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அரை மணி நேரத்தில் பாராளுமன்ற உறுப்பினர் வந்தார். வரிசையாகக் கை பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். அண்ணை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பாராமல், பக்கக் கதவால் வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கார்த் தரிப்பிடத்தில், மழைத் தூறலில், ஒரு கூரையும் இல்லாத இடத்தில் நின்றார். பாராளுமன்ற உறுப்பினர் கால் மணி நேரம் பின்வரிசையில் இருந்து எழுந்து போகும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, ஈரமான தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மனைவியைக் கைவிட்டவரோடு ஒரே அறையில் இருக்க அவரால் முடியவில்லை. கைவிட்டவன் பக்கத்தில்தான் இருந்தார்.

மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிறு ரயில் ஏறினேன்.

அண்ணை குசினி மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். நான் கதிரையில் உட்காரமுதலே சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அக்கா செத்தது அவவுக்குத் தெரியாது. நான் அறிவிக்கேல்ல. மறந்து இல்லை, தெரிஞ்சுகொண்டுதான் அறிவிக்கேல்ல. அண்டைக்கு நீங்கள் கேட்டதையும் நான் சரியாச் சொல்லேல்ல."

கீரை ஆயும் கை நிற்கவில்லை. "ஏன்?" என்றார்.

"எரிச்சல்."

"என்னத்தில?"

"மேடையில அறிமுகம் செய்யிறது ஆர் எண்டதில. அவவுக்குத் தெரிஞ்சா உங்களைக் கூப்பிட்டிருப்பா."

"அது எவ்வளவு நேரம்?"

"மூண்டு நிமிசம்."

"மூண்டு நிமிசம்" என்று அவரும் சொன்னார். ஒரு காம்பை உருவி, இலைகளைத் தட்டில் போட்டு, காம்பை ஒதுக்கி வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "நான் அந்த மனிசிய எவ்வளவு திட்டியிருப்பன் தெரியுமா சேர்? ரீவியில வந்தா சனலை மாத்துவன். பெட்டி மூடக்குள்ள ஐயரிட்டக் கெஞ்சின நான். நீங்க பின்னால இருந்து பாத்துக்கொண்டு இருந்த நீங்க."

"ஓம்."

"இதச் சொல்லத்தான் ரயில் ஏறி வந்த நீங்களா?"

"ஓம் அண்ணை."

கையைக் கழுவித் துடைத்தார். "அவவுக்குப் போனைப் போடுங்க" என்றார்.

"இப்பவோ?"

"இப்பதான். எனக்கு முன்னால சொல்லுங்க. இங்கிலீசில சொல்லுங்க, ஒண்டையும் விடாம. நான் கேட்டுக்கொண்டிருக்கன்."

பாராளுமன்ற உறுப்பினரின் சொந்த இலக்கம் என்னிடம் இருந்தது. மூன்றாவது மணியோசையில் எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசையில் கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணையிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். வெள்ளிக்கிழமை அறிவித்தலைக் கண்டது, அனுப்பாமல் விட்டது, செத்த வீட்டில் சொன்னது, மண்டபத்தில் சொன்னது, இந்த வீட்டில் மொழிபெயர்த்தது, மொழிபெயர்க்காமல் விட்டது. ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

"அவர் அங்கே இருக்கிறாரா?" என்று மறுமுனையில் கேட்டார்.

"இருக்கிறார். ஒலிபெருக்கியில் கேட்கிறார்."

"போனை அவரிடம் கொடுங்கள்."

"நான் மொழிபெயர்க்கிறேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

அண்ணை அதற்குள் போனை எடுத்து, தடவித் தடவி ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார். அதைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வாசற்பக்கம் காட்டினார். "நீங்க அங்கால போங்க சேர்."

வெளியே படியில் நின்றேன். அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. மரங்கள் இன்னும் கம்புகளாகத்தான் நின்றன. குசினி யன்னலால் அண்ணையைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் கேட்டார். பிறகு பேசினார். நிறையப் பேசினார். வாய் அசைவைப் பார்த்தால் தமிழ் மாதிரி இருந்தது, அல்லது இரண்டும் கலந்து. அந்த முனையில் இருப்பவருக்குத் தமிழில் சாப்பிட்டீங்களோ என்பதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு இடத்தில் அண்ணை தலையைக் குனிந்து கண்ணைப் பொத்தினார். ஒரு இடத்தில், நிச்சயமாக, சிரித்தார். கால் மணி நேரம் ஆனது, அதற்கு மேலும் போனது. யன்னலுக்கு இன்னும் கிட்டப் போகலாமா என்று நினைத்தேன். என் கால் ஒரு அடி எடுத்தும் வைத்தது. பிறகு நின்றுகொண்டேன்.

கதவு திறந்தது. போனை நீட்டினார். அது சூடாக இருந்தது.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது எங்கட கதை" என்றார் அண்ணை. "ரயில் எத்தின மணிக்கு உங்களுக்கு?"

சொன்னேன். இன்னும் நேரம் இருந்தது. அவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவையும் மூடவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "நடந்து போனா நேரம் சரியா இருக்கும்" என்றார்.

நடந்தேன்.